வலது காதில் மட்டும் கேட்ட பாட்டு

ஒரு பெண் நான்கு வருடம் பாடுபட்டுச் செய்த அல்பத்தை நான் ஒரு காதால் மட்டும் கேட்டேன். இரண்டு காதாலும் கேட்டவனைப் போல இதே வாரப் பத்திரிகையில் விமர்சனம் எழுதினேன். அதில் அவளை நன்றி கெட்டவள் என்று சொன்னேன். அந்தச் சொல்லை எழுதவில்லை. சொல்லாமலே விளங்கும்படி எழுதினேன். அது இன்னும் மோசம்.

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியவை எல்லாம் மற்றவர்கள் எனக்குச் செய்தவை. நல்லதும் கெட்டதுமாக. நான் செய்ததை எழுதுவது இதுதான் முதல்முறை. எழுத உட்கார்ந்தபோது பயமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. நெருக்கிய சப்பாத்தைக் கழற்றி வைத்தது போலத்தான் இருக்கிறது.

முருங்கைக்கீரையும் ஒரு வயரும்

அது ஒரு காலைநேரம். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து என் மனைவி மர்ழியா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்துக் கதிரையில் போனும் இயர்போனுமாக இருந்தேன். வலப்பக்கக் குமிழ் காதில். இடப்பக்கக் குமிழ் வழக்கம்போல நெஞ்சில் தொங்கியது.

"அது சும்மாதானே தொங்குது. இஞ்ச தாங்க" என்று மர்ழியா அதை எடுத்து முக்காட்டுக்குள் செருகிக்கொண்டாள். "அந்தப் புள்ளய என்னத்துக்கு அந்தக் கிழி கிழிச்சீங்க எண்டு நானும் கேட்டுப் பாக்கத்தானே வேணும்."

வயர் நீளம் போதவில்லை. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டுகிற மாதிரிச் சாய்ந்துகொண்டோம். எழுபதைத் தாண்டிய வயதில் கதவு திறந்து யாராவது வந்திருந்தால் வெட்கமாகப் போயிருக்கும்.

என் காதில் ஒரு பெண் தண்ணீர் கேட்டாள். பிறகு ஒன்றுமில்லை. தூரத்தில் ரபான் மேளம் போல ஒரு மெல்லிய தட்டல் மட்டும். திரும்பவும் கேட்டாள். திரும்பவும் ஒன்றுமில்லை.

மர்ழியாவின் விரல்கள் கீரைக் காம்பில் நின்றுவிட்டன. சிரித்தாள்.

"வைங்க, வைங்க. சரியான கதை" என்றாள்.

"யாருக்குச் சொல்ற?"

"இவக்குத்தான். குடத்த இறக்கி வைங்க, கை கடுக்கும் எண்டு சொல்றாவே. இது நம்மட பரீதா லாத்தாட குரல். பள்ளிவாசல்துறை பரீதா லாத்தா."

"பரீதா லாத்தா எங்க வந்தா? ஒருத்தரும் பேசல்லயே."

"பேசல்லயா? வாய் மூடாமப் பேசுறா. உங்களுக்குக் கேக்கல்லயா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் காதிலிருந்த குமிழை எடுத்து அதைப் பார்த்தாள். பிறகு என் இடது காதைப் பார்த்தாள்.

"யா அல்லாஹ்" என்றாள், மெதுவாக.

இடது ஓரத்து மனிதர்

என் இடது காது செத்து ஏறக்குறைய பத்து வருடம். ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நரம்பு போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கொழும்பில் பார்த்த வைத்தியர் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸிலேயே மர்ழியாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஒருவருக்கும் சொல்லக்கூடாது.

அப்போது நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். மிஞ்சியிருந்தது இந்தப் பத்திரிகையில் எழுதிவந்த இசைப் பத்தி மட்டும். காது கேளாதவனின் இசை விமர்சனத்தை யார் வாசிப்பார்கள்?

மறைப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. தொழுகையில் வரிசையின் இடது ஓரத்தில் நிற்பேன், பக்கத்தில் நிற்பவர் வலப்பக்கம் வரும்படி. கூட்டங்களிலும் இடது ஓரத்துக் கதிரை. கலியாணப் படங்களில்கூட இடது ஓரம். "சேருக்கு எவ்வளவு பணிவு, எப்பவும் ஓரத்துலதான் நிப்பார்" என்று ஒருமுறை ஒரு கூட்டத்தில் என்னைப் புகழ்ந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் பணிவு என்றார்கள்.

பாட்டுக் கேட்பதில் எனக்கு நட்டம் எதுவும் தெரியவில்லை. நான் எழுதியவை பெரும்பாலும் பழைய பாணிப் பாட்டுகள். அவற்றில் ஒரு காதுக்கு வருவதுதான் மற்றக் காதுக்கும் வரும். ஒரு குமிழைத் தொங்கவிட்டாலும் பாட்டு முழுசாக வந்துவிடும். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ஒன்பது பாட்டு

அந்த அல்பத்தைச் செய்த ஹஸ்னாவின் பெற்றோர் தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னார்ப் பக்கமிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். ஹஸ்னா பிறந்தது இங்கே புத்தளத்தில், கற்பிட்டி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு குடியேற்றத்தில். கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவளுடைய தொழில். அந்தத் தொழிலில் கற்ற வித்தையை வைத்து, ஓர் அறைச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி, தானே ஓர் அல்பம் செய்தாள். பெயர் 'எந்த ஊர்'. ஒன்பது பாட்டு. இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஓடும்.

அது சாதாரண அல்பம் அல்ல. உப்பு வாரும் பலகை உரசுகிற சத்தமே ஒரு பாட்டுக்குத் தாளம். இன்னொன்றில் வள்ளத்தின் எஞ்சின் சத்தத்தை இழுத்து நீட்டிச் சுருதியாக்கியிருந்தாள். மேலே துள்ளலான மெட்டு, இளம் பிள்ளைகள் ஆடக்கூடிய மெட்டு. எங்கள் பக்கத்தில் யாரும் அதற்கு முன் அப்படி ஒன்றைச் செய்ததில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, அவள் குரல்களைப் பிரித்த விதம். வந்தவர்களின் குரல் வலது காதுக்கு. இங்கே ஏற்கெனவே இருந்தவர்களின் குரல் இடது காதுக்கு. வந்தவர்களுக்காகத் தன் உம்மா ஸபியாவின் குரலை எடுத்தாள். இருந்தவர்களுக்காக மாம்புரியிலும் பள்ளிவாசல்துறையிலும் வீடு வீடாகப் போய்ப் பெண்களின் குரலைப் பதிவுசெய்தாள். இரண்டாவது பாட்டின் பெயர் 'குடம்'. வலது காதில் ஸபியா ஒன்பது முறை தண்ணீர் கேட்பார். இடது காதில் ஒன்பது பதில் வரும்.

அல்பத்தோடு வந்த குறிப்பில் ஒரே ஒரு வரி இருந்தது: 'தயவுசெய்து இரண்டு காதாலும் கேளுங்கள்.' அதை நான் வாசித்தேன். கவிதையாக ஏதோ எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அசருக்கும் மஃரிபுக்கும் இடையில்

விமர்சனத்தை ஒரு பின்னேரத்தில் எழுதி முடித்தேன். அசர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன், மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது பேனையை மூடிவிட்டேன். பலராலும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட பகுதி இது:

'ஒரு குரல் ஒன்பது முறை தண்ணீர் கேட்கிறது. ஒருமுறைகூட யாரும் பதில் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மண்ணின் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒருவரின் ஞாபகத்தில் இவ்வளவுதான் மிஞ்சியதா?'

ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது தெரியும். அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னே போகவேண்டும்.

சனங்கள் வந்து இறங்கிய அந்த நாள்களில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தைத் திறந்து கொடுத்தோம். வகுப்பறை வாங்குகளை மைதானத்துக்குச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். ஊர் முழுக்கச் சோறு சமைத்தது. தென்னந்தோட்டங்களைத் திறந்துவிட்டார்கள். இதையெல்லாம் மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மேடையில் சொல்லாதது ஒன்று உண்டு. மூன்றாவது கிழமையோ நான்காவது கிழமையோ, ஒரு பெண் குடத்தோடு அலுவலக வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கூடத் தண்ணீர்த் தாங்கியின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அன்று காலை முழுக்க ஆள்களோடு மல்லுக்கட்டிக் களைத்துப் போயிருந்தேன். "அதிபரிடம் கேட்கவேண்டும், நாளைக்கு வாங்க" என்றேன். அவர் வெறுங்குடத்தோடு திரும்பிப் போனார். சாவி என் பையில்தான் இருந்தது. மறுநாள் அவர் வரவில்லை.

'குடம்' பாட்டில் பதில் இல்லாத அந்த இடைவெளியைக் கேட்டபோது, யாரோ என் சட்டைப் பையில் கைவிட்டது போல இருந்தது. இதைப் பிறகு எழுதிய திருத்தத்தில்கூட நான் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

பஸ்ஸின் இரண்டு பக்கம்

அல்பத்தைப் பற்றி எழுதியவன் நான் மட்டும் அல்ல. கொழும்பில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை புகழ்ந்து தள்ளியது. புகழ்ந்தவருக்குத் தமிழ் தெரியாது என்பது எழுத்திலேயே தெரிந்தது. ஒரு விரிவுரையாளர் நீண்ட கட்டுரை எழுதினார். அதை நான் இரண்டு முறை வாசித்தேன். அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று கடைசிவரை பிடிபடவில்லை. பெண்குரல் வெளியே வரலாமா என்று வேறு சிலர் தொடங்கினார்கள். அந்தச் சண்டை இந்த அல்பத்தைவிட வயதில் மூத்தது, அதற்குள் நான் போகவில்லை.

சனங்கள் கேட்டதுதான் விசித்திரம். போனின் சின்ன ஒலிபெருக்கியில் போட்டவர்களுக்கு எல்லாக் குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சந்தைக் கூச்சலாக வந்தது. ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பங்கு போட்டுக் கேட்ட பிள்ளைகளில் ஒருத்தி அழுதாளாம், மற்றவள் என்னத்துக்கு அழுகிறாய் என்று கேட்டாளாம். கொழும்புக்கு ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் சாரதி அதைப் போட்டிருக்கிறார். இடப்பக்கம் இருந்தவர்கள் நல்லா இருக்கு என்றார்கள், வலப்பக்கம் இருந்தவர்கள் நிப்பாட்டச் சொன்னார்கள். முந்தல் ஊருக்கு வரும்போது சண்டை முற்றி, சாரதி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கிரிக்கெட் வர்ணனையைப் போட்டுவிட்டாராம்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அன்று எனக்குத் தெரிந்தது என் விமர்சனத்துக்குக் கிடைத்த வரவேற்பு மட்டுந்தான். புத்தளம் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் எழுந்து எனக்குக் கதிரை தந்தார். "சரியான அடி சேர்" என்றார். நான் கதிரையை இடது ஓரத்துக்கு நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.

அலுமாரியில் ஒரு கடிதம்

இரண்டு கிழமைக்குப் பிறகு ஹஸ்னாவின் கடிதம் ஆசிரியருக்குப் போய், அங்கிருந்து எனக்கு வந்தது. கோபமாக ஒரு சொல்லும் இல்லை. 'சேர், நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்று அறிய விரும்புகிறேன். போனிலா, இயர்போனிலா, ஒலிபெருக்கிப் பெட்டியிலா? நீங்கள் பதில் இல்லை என்று எழுதிய இடத்தில் பதில் இருக்கிறது.'

பாட்டில் பதில் இருக்கிறதா இல்லையா என்று நான் யோசிக்கவில்லை. என் காதைப் பற்றி இவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் என்றுதான் யோசித்தேன். கடிதத்தை மடித்து அலுமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன். ஆசிரியர் கேட்டபோது, பிரசுரிக்க அதில் ஒன்றும் இல்லை என்றேன்.

என் பிழைகளில் பெரியது விமர்சனம் அல்ல, அந்தக் கடிதத்தை மடித்ததுதான்.

பிறகு இன்னொரு கடிதம் வந்தது. பில் தாளின் பின்பக்கத்தில் எழுதியது. எழுதியவர் மாம்புரியில் கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் நிஸாம். 'சேர், உங்கட செட்டில ஒரு பக்கம் வேலை செய்யல்ல போல இரிக்கி. வயர செக் பண்ணிட்டு திரும்பக் கேளுங்க.' அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே வயர் என்றுதான் நினைத்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் திரும்பக் கேட்போம் என்று அந்தக் காலையில் மேசையில் உட்கார்ந்தேன்.

மறுபடியும் மேசைக்கு

மர்ழியா பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னாள். இடது குமிழைத் தன் காதில் வைத்துக்கொண்டு, வருகிற பதில்களை ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னாள். நான் வலது காதில் கேள்வியைக் கேட்டேன். அவள் வாயால் பதிலைக் கேட்டேன். 'குடத்த இறக்கி வைங்க.' 'பிள்ளைக்கிப் பால் இரிக்கா?' 'கிணத்தடி வழுக்கும், பாத்து.' கீரை அப்படியே வாடிக் கிடந்தது.

அன்றே எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. பாட்டைத் தவறாகக் கேட்டேன் என்று எழுதினால் எப்படி என்று கேட்பார்கள். எப்படி என்று சொன்னால் பத்தி போய்விடும். நாள்கள் கிழமைகளாயின. மர்ழியா விடவில்லை.

"எழுதியாச்சா?"

"எழுதுறன்."

"அந்தப் புள்ளய ஏசுறதுக்கு அசருக்கும் மஃரிபுக்கும் இடையில நேரம் கிடச்சிச்சே. இதுக்கு எத்தின மாசம் போகும்?"

நோன்பு வந்தது. எங்கள் பக்கத்தில் நோன்புக் கஞ்சி வீட்டுக்கு வீடு போகும். போன பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. இரண்டு பேரீச்சம்பழமாவது, ஒரு பிடி சீனியாவது, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது போட்டு அனுப்புவார்கள். ஸபியாவுக்கும் பரீதா லாத்தாவுக்கும் அந்தக் கொடுக்கல் வாங்கல் முப்பது வருடமாக இருந்தது. குடியேற்றத்துக்கு முதன்முதலில் கஞ்சி அனுப்பியது பரீதா லாத்தாதான்.

அந்த வருடம் ஸபியாவின் பாத்திரம் கழுவித் துடைத்து, வெறுமையாகத் திரும்பியது.

செய்தியைக் கொண்டுவந்தது மர்ழியா. பரீதா லாத்தா விமர்சனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். மகனின் ஓட்டோவில் பாட்டைப் போட்டும் பார்த்திருக்கிறார். தண்ணீர் கேட்கிற குரல்தான் வந்ததாம், தன் குரல் இல்லை. 'என்ட வீட்டுக்கு வந்து என்ட குரல வாங்கிட்டுப் போய் வெட்டிப் போட்டுட்டாள், அந்தப் பத்திரிகக்கார சேரே எழுதிட்டார்' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். குரல் கொடுத்த மற்றப் பெண்களும் ஸபியாவைக் கண்டால் ஒழுங்கைப் பாதையில் விலகிப் போகிறார்கள். ஹஸ்னா இணையத்திலிருந்து அல்பத்தை எடுத்துவிட்டாள். அந்தக் கொடுக்கல் வாங்கலால்தான் ஸபியாவுக்கு இந்த ஊர் ஊராக இருந்தது. நான் அதை அறுத்துவிட்டேன்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

ஸபியா கதிரை போட்டார். ஹஸ்னா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எனக்கு இடது காது கேட்காது. பத்து வருடமாகக் கேட்காது.

ஹஸ்னா கேட்டாள்: "என்ட கடிதம் வந்திச்சா சேர்?"

"வந்தது."

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"அப்ப காது கேக்காதது பெரிய விசயமில்ல. கண்ணு நல்லாத்தானே இரிக்கி உங்களுக்கு."

"ஹஸ்னா" என்றார் ஸபியா.

"இல்ல உம்மா, சேர் வெளங்கிக்குவார்." என் பக்கம் திரும்பினாள். "எனக்கிட்ட மன்னிப்புக் கேட்டு வேலயில்ல சேர். எனக்கு என்ன, வேற பாட்டுச் செய்வன். பரீதா மாமிக்கிட்டச் சொல்லுங்க. உம்மா போய் நிண்டு நான் வெட்டல்ல எண்டு சொன்னா நம்பமாட்டா. நீங்க சொன்னா நம்புவா. நீங்கதானே நம்ப வச்சீங்க."

பரீதா லாத்தாவின் வளவு

நிஸாமைத் தேடிப் போனேன். வயர் இல்லை, காது என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அத மாத்த ஏலாதே சேர்" என்றார், மிகுந்த அனுதாபத்தோடு. வாடகை பேசவில்லை. பெருநாள் கழிந்த மறு வாரம் ஒரு பின்னேரம் இரண்டு பெரிய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு என்னோடு பள்ளிவாசல்துறைக்கு வந்தார்.

பரீதா லாத்தா வாசலிலேயே மறித்தார்.

"என்ட குரல வெட்டிப் போட்டவட பாட்ட என்ட வளவுலயே போடப் போறீங்களா?"

"வெட்டல்ல லாத்தா. நான்தான் கேக்கல்ல. எனக்கு ஒரு காது இல்ல."

"உங்களுக்குத்தான் காது இல்ல. என்ட மகன்ட ஓட்டோக்குமா காது இல்ல?"

நிஸாம் பெட்டியை இறக்கியபடியே சொன்னார்: "உங்கட மகன்ட ஓட்டோல இடப்பக்க பொக்ஸ் செத்து ரெண்டு வருசம் மாமி. நானும் சொல்லிச் சொல்லிக் களச்சிட்டன்."

பரீதா லாத்தா மகனைத் திரும்பிப் பார்த்தார். அவர் தென்னைமரத்தைப் பார்த்தார்.

ஒரு பெட்டி களப்புக் கரைப் பக்கம், மற்றது வீட்டுப் பக்கம். இடையில் பாயை விரித்துக் குரல் கொடுத்த பெண்கள் உட்கார்ந்தார்கள். ஹஸ்னா வரமாட்டேன் என்றுவிட்டாள். ஸபியா வந்தார், ஆனால் வேலிப் படலைக்கு இங்கால் வரவில்லை. அங்கேயே நின்றார்.

திறந்த வெளியில் ஒரு காது போதும். நானும் அன்றுதான் அந்தப் பாட்டைக் கேட்டேன்.

களப்புப் பக்கமிருந்து ஸபியாவின் குரல் தண்ணீர் கேட்டது. வீட்டுப் பக்கமிருந்து பரீதா லாத்தாவின் குரல் குடத்தை இறக்கி வைக்கச் சொன்னது. பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"என்ட குரல் இவ்வளவு கட்டயா?" என்றார் பரீதா லாத்தா.

"இத விட மோசம்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ஐந்தாவது பதில் வந்தது. பெட்டியிலிருந்த பரீதா லாத்தா சொன்னார்: 'முதல் நாள் நாங்க பயந்தம். இத்தின பேர் வந்தா கிணறு வத்திப் போகுமெண்டு பயந்தம். பயந்துக்கிட்டேதான் வாளியக் குடுத்தம்.'

பாயிலிருந்த பரீதா லாத்தா வாயில் கை வைத்தார். "அதயும் வச்சிட்டாளா? அத வெட்டச் சொன்னேனே."

யாரும் சிரிக்கவில்லை. ஹஸ்னா எதையாவது வெட்டியிருந்தால் அந்த ஒரு வசனத்தைத்தான் வெட்டியிருக்கவேண்டும், அதைக்கூட வெட்டவில்லை. எல்லோருக்கும் விளங்கியது.

எட்டாவது, ஒன்பதாவது. கடைசிப் பதிலில் வார்த்தை இல்லை. கயிறு ஓடி, வாளி கிணற்றுக்குள் விழுகிற சத்தம் மட்டும். எனக்கு எழுந்து போகவேண்டும் போல இருந்தது. இருந்தேன்.

பரீதா லாத்தா திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தார்: "ஸபியா, அங்க என்ன நிக்கிற? வந்து இதுல இரி. அங்க உன்ட பக்கம் மட்டுந்தான் கேக்கும்."

ஸபியா வந்து உட்கார்ந்தார். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. பரீதா லாத்தா பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பிறகு இரண்டு பேரும் யாரோ ஒருவரின் கலியாணத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கி, மூன்றாவது பாட்டைக் கவனிக்கவே இல்லை.

மூன்றாவது பாட்டு

அந்தக் கிழமையே திருத்தத்தை எழுதினேன். "ஒரு சின்னக் குறிப்பாப் போட்டாப் போதுமே சேர்" என்றார் ஆசிரியர். விமர்சனம் வந்த அதே பக்கத்தில், அதே அளவில் வரவேண்டும் என்று கேட்டேன். காதைப் பற்றியும் எழுதினேன், மறைத்த கடிதத்தைப் பற்றியும் எழுதினேன், இசைப் பத்தியை நிறுத்துவதாகவும் எழுதினேன்.

பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். தேத்தண்ணிக் கடையில் எனக்கு 'ஒத்தக்காதுச் சேர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பழைய சகா, "அப்ப கடசிப் பத்து வருசம் எழுதினதெல்லாம் அரைவாசிதானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தெரியாது என்றேன். ஆள்கள் இப்போது கேட்காமலே என் வலப்பக்கம் வந்து நின்று பேசுகிறார்கள். பத்து வருடமாக இவ்வளவு இலேசான ஒரு காரியத்துக்காகவா அவ்வளவு களைத்தேன் என்று இருக்கிறது.

ஹஸ்னா அல்பத்தைத் திரும்பவும் இணையத்தில் ஏற்றினாள். எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

"சேர், வாசிச்சன். உம்மாவும் வாசிச்சா. பக்கம் முழுக்க எழுதி இரிக்கிறீங்க. அரைப் பக்கம் உங்கட காது. அரைப் பக்கம் உங்கட கவல. அல்பம் எப்பிடி? மூணாம் பாட்டு எப்பிடி? அதப் பத்தி ஒரு வரியும் காணல்ல. பாவமெண்டு விட்டுட்டீங்களா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நிஸாமிடம் சின்னப் பெட்டிகள் இரண்டை இரவல் வாங்கி, வீட்டு விறாந்தையில் வைத்து ஒன்பது பாட்டையும் மூன்று நாள் கேட்டேன். கேட்டபின் பெரிய சங்கடம். எல்லாம் நல்லா இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவளுக்கு நான் செய்ததற்கு அதுதான் முறை போலவும் இருந்தது.

"குறை சொல்ல எனக்கு வாய் இருக்கா?" என்று மர்ழியாவிடம் கேட்டேன்.

"கேட்டது அவதானே. பொய் சொன்னீங்கண்டா அதையும் கண்டுபிடிப்பா."

உள்ளதை எழுதி அனுப்பினேன். உப்புப் பலகைப் பாட்டைப் போல ஒன்றை நான் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை. 'குடம்' பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனால் அது நிற்கும். கடைசிப் பாட்டில் கருவிகள் குரலை மூழ்கடிக்கின்றன. மூன்றாவது பாட்டில் வள்ளத்து எஞ்சின் இரண்டு நிமிடம் கூடுதலாக ஓடுகிறது. அதில் புதுமை இருக்கிறது, பாட்டு இல்லை.

பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"உப்புப் பாட்டு சரி. கடசிப் பாட்டு எனக்கும் தெரியும், இனிச் செய்யக்குள்ள திருத்துவன். மூணாம் பாட்டப் பத்தி நீங்க சொன்னது முழுப் பிழை சேர். வள்ளத்துல போயிருக்கீங்களா? ரெண்டு நிமிசத்துல கரை வந்திருமா?"

"கரை வராது. கேக்கிறவன் தூங்கிப் போவான்."

"வள்ளத்துலயும் தூங்குவாங்கதான்."

அரை மணித்தியாலம் விவாதித்தோம். அவள் ஒரு செக்கனைக்கூடக் குறைக்கச் சம்மதிக்கவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவில் எப்போதோ அவள் என்னோடு மரியாதைக்காகப் பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பதைக் கவனித்தேன். சத்தம் போட்டுப் பேசினாள். நானும் சத்தம் போட்டேன்.

போனை வைத்தபோது மர்ழியா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, திரும்பவும் சண்டையா?"

"ஓம்" என்றேன். "இன்னும் முடியல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு திரும்பவும் போன் எடுக்கிறாளாம்."